உள்ளூர் ரேடியோவில் கன்சர்வேட்டிவ் டாக் ஷோ: துணி அலமாரிக்குள்ளிருந்து ஒரு செய்முறை

டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் இருக்கிறேன். பகலில் கணினி வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் ஒரு சின்ன ஏஎம் நிலையத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறேன். வீட்டு வரி, பள்ளி வாரியம், நகராட்சிச் செலவு என்று எல்லாம் உள்ளூர் சமாச்சாரம், எல்லாம் கன்சர்வேட்டிவ் (வலதுசாரி) பார்வையில். "நானும் தொடங்கலாமா?" என்று கேட்டு வந்த மின்னஞ்சல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போய் இதை எழுதுகிறேன். மைக்கில் எப்படிப் பேசுவது, ரிபப்ளிகன் பிரைமரி (குடியரசுக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) என்றால் என்ன என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு இது.

படி 1: நேரத்தை வாங்குங்கள்

யாரும் உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்க மாட்டார்கள். சின்ன ஏஎம் நிலையங்கள் பல, வார இறுதி நேரத்தை மணிக்கணக்கில் விற்கின்றன. நீங்கள் பணம் கட்டிப் பேசலாம். விளம்பரம் பிடித்து அந்தப் பணத்தைத் திரும்ப எடுப்பது உங்கள் சாமர்த்தியம். மூன்று மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் போடாதீர்கள். ஐந்தாவது வாரத்திலேயே பேச விஷயம் தீர்ந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும்.

குறைந்த சக்தி எஃப்எம் நிலையங்கள் மலிவாக இடம் தருமே என்று நினைக்கலாம். அவை லாப நோக்கற்ற உரிமம் பெற்றவை. அங்கே விளம்பரம் விற்க முடியாது. வரிவிலக்கு பெற்ற அமைப்பு நடத்தும் நிலையமாக இருந்தால் வேட்பாளரை ஆதரிக்கும் பேச்சும் கூடாது. நம் வகை நிகழ்ச்சிக்கு இரண்டுமே கழுத்தைப் பிடிக்கும்.

படி 2: வாஷிங்டனை மறந்துவிடுங்கள்

கன்சர்வேட்டிவ் ரேடியோப் பேச்சாளர் ரஷ் லிம்பா 1984இல் சாக்ரமென்டோவின் கேஎஃப்பிகே நிலையத்தில் சேர்ந்து, 1988 ஆகஸ்டில் நியூயார்க் போய் நாடு முழுக்க ஒலித்தார். அன்றிலிருந்து தினமும் மூன்று மணி நேரம் வாஷிங்டன் அரசியல் பேசப் பெரிய நெட்வொர்க்குகளில் ஆள் இருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் பேசும் நாம் அவர்களோடு போட்டி போட முடியாது. முதல் மூன்று வாரம் நான் அதைத்தான் செய்தேன். போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

நான்காவது வாரம் பள்ளி மாவட்டத்தின் பாண்டு தேர்தலை (கடன் திரட்ட வாக்காளர்களிடம் அனுமதி கேட்கும் தேர்தல்) எடுத்தேன். 2019இல் வந்த டெக்சஸ் சட்டப்படி, பள்ளி பாண்டு வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்ற வாசகம் இருந்தாக வேண்டும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "சரி, எதற்கு இந்தப் பணம்? கூரையா, கால்பந்து மைதானமா?" என்று கேட்டேன். ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் வீட்டு வரியில்தான் எல்லாருக்கும் வயிறு எரியும். ஏப்ரல் மாதம் வீட்டின் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும். மறுப்புத் தெரிவிக்கக் கடைசி நாள் பொதுவாக மே 15. அந்த ஆறு வாரமும் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொன்று. கன்சர்வேட்டிவ் என்றால் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 2023 நவம்பரில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தை டெக்சஸ் கீழவை 84க்கு 63 என்று வெட்டியபோது, வெட்டியவர்களில் 21 பேர் ரிபப்ளிகன்கள். கிராமப்புறத்தில் ஊருக்கு ஒரே பள்ளி, அதுவே பெரிய முதலாளி. அந்தச் சண்டை உங்கள் நேயர்களுக்குள்ளேயே நடக்கும். நடக்க விடுங்கள். ஒரே குரலில் தலையாட்டும் ஒரு மணி நேரம் தாலாட்டுக்குத்தான் ஆகும்.

படி 3: சாமான்கள்

மைக்குக்கு எல்லாரும் ஷூர் எஸ்எம்7பி வாங்குகிறார்கள். நல்ல மைக்தான். ஆனால் 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் கேட்கும். மலிவான மிக்ஸரில் (ஒலிகளைக் கலக்கும் கருவி) போட்டால் உங்கள் குரலோடு மழைச் சத்தமும் சேர்ந்து வரும். என் ஓட்டு எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20க்கு. பேப்பரைப் பார்க்கக் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் குரலின் கனம் மாறாது. ஹெட்போன் சோனி எம்டிஆர்-7506, வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

அறை? துணி அலமாரி. சிரிக்காதீர்கள். என் மனைவியின் பட்டுப்புடவைகளைவிட நல்ல எதிரொலித் தடுப்பு நுரைப்பலகைக் கடையில் கிடையாது.

படி 4: மிக்ஸ்-மைனஸ் (இங்கேதான் நான் கவிழ்ந்தேன்)

முதல் இரண்டு மாதம் நிலையத்துக்கே போய்ப் பேசினேன். போன் இணைப்பெல்லாம் அங்கிருந்த ஆபரேட்டர் பார்த்துக்கொண்டார். பிறகு வீட்டிலிருந்து இணையம் வழியாக ஒலியை அனுப்ப ஆரம்பித்தேன். நேயர் அழைப்புகள் என் மிக்ஸருக்கே வந்தன. முதல் நேயர், பேச ஆரம்பித்த இரண்டாவது சொல்லிலேயே திக்கினார். "எனக்கு என் குரலே கேட்கிறது" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாவது ஆளிடம் கீச்சென்று ஊளை கிளம்பி, நான் ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டையை) இறக்கி, ஏழு நிமிடம் தனியாகப் புலம்பினேன்.

காரணம் எளிது. மிக்ஸரின் முக்கிய வெளியீட்டையே போனுக்கும் திருப்பிவிட்டிருந்தேன். அதில் என் குரல் இருக்கிறது, இசை இருக்கிறது, நேயரின் குரலும் இருக்கிறது. அவர் பேசியது அரை நொடி தாமதமாக அவர் காதுக்கே திரும்பிப் போகிறது. உலகத்தில் எவராலும் அப்படிப் பேச முடியாது.

நேயருக்குப் போக வேண்டியது, எல்லாவற்றையும் கூட்டி அதில் அவர் குரலை மட்டும் கழித்த ஒலி. அதுதான் மிக்ஸ்-மைனஸ். செய்வது இப்படி:

மிக்ஸரில் போன் ஒலி நுழையும் பாதை, அதாவது சேனல், 3 என்று வைத்துக்கொள்வோம். போனுக்குப் போகும் கம்பியை முக்கிய வெளியீட்டிலிருந்து பிடுங்கி, ஆக்ஸ் 1 என்ற தனி வெளியீட்டுத் துளையில் செருகுங்கள். இனி ஒவ்வொரு சேனலிலும் உள்ள ஆக்ஸ் 1 குமிழ்தான் நேயர் காதுக்கு என்ன போகும் என்பதைத் தீர்மானிக்கும். உங்கள் மைக் சேனலில் அதைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். இசை வரும் சேனலில் கொஞ்சம். சேனல் 3இல் சுத்தமாகப் பூஜ்யம். அவ்வளவுதான். சோதிக்க நண்பர் ஒருவரை அழைக்கச் சொல்லி, அவரை ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண விடுங்கள். தடுமாறாமல் எண்ணினால் தேறியது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ரோட்காஸ்டர் என்ற மிக்ஸரை வாங்குங்கள், அது தானாகவே கழித்துக்கொள்ளும். எனக்கு அந்த வண்ண விளக்குகள் பிடிக்கவில்லை, பழைய மிக்ஸரோடு இருக்கிறேன்.

*பின்சேர்க்கை:* ஒரு வாசகர் எழுதினார்: "எல்லாம் சரி, ஆனால் விளம்பர இடைவேளையில் நேயர்கள் போனை வைத்துவிடுகிறார்கள்." அவர் மிக்ஸரில் ஒலி ஃபேடரைத் தாண்டிய பிறகுதான் ஆக்ஸுக்குப் போனது. இடைவேளையில் மைக் ஃபேடரை இறக்கியதும் நேயருக்கு எதுவும் கேட்கவில்லை; லைன் அறுந்ததென்று நினைத்துவிட்டார்கள். ஆக்ஸ் பக்கத்தில் 'ப்ரீ' (ஃபேடருக்கு முன்) என்ற பொத்தான் இருந்தால் அதை அமுக்குங்கள்.

படி 5: கடிகாரம்

ஒரு மணி நேரம் என்றால் அறுபது நிமிடம் இல்லை. எங்கள் நிலையத்தில் முதல் ஆறு நிமிடம் நெட்வொர்க் செய்தி. நடுவே மூன்று இடைவேளை. கைக்கு மிஞ்சுவது நாற்பதுக்கும் கீழே. இதில் சில இடைவேளைகளை நீங்கள் கொஞ்சம் இழுக்கலாம். செய்திக்கு முந்தையதை இழுக்கவே முடியாது, கம்ப்யூட்டர் உங்களை வாக்கியத்தின் நடுவில் வெட்டிவிடும்.

ஒருமுறை நகராட்சி உறுப்பினர் ஒருவரைப் பற்றி, 'அவர் பணம் எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை' என்ற பொருளில் ஒரு வாக்கியம் தொடங்கினேன். பாதியில் வெட்டு விழுந்தது. ஆங்கிலத்தில் 'யாரும் சொல்லவில்லை' முன்னாலேயே வந்துவிடும், தப்பித்தேன். தமிழில் பேசியிருந்தால் 'அவர் பணம் எடுத்தார்' என்பது மட்டும் காற்றில் போயிருக்கும்! செல்போன் நேரத்தை நம்பாமல் நிலையத்தின் கடிகாரத்தோடு பொருத்திய ஒரு பெரிய கடிகாரத்தை எதிரே மாட்டுங்கள். கடைசி முப்பது நொடியில் புதுக் கருத்து எதையும் தொடங்காதீர்கள்.

மணி திரும்பும்போது நிலையத்தின் அழைப்பெழுத்துகளும் (கேஎஃப்பிகே போன்றவை) அதையடுத்து உரிமம் பெற்ற ஊரின் பெயரும் ஒலிக்க வேண்டும். பெரும்பாலும் நிலையமே பார்த்துக்கொள்ளும், ஆனால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: நேயர்கள்

யாராவது ஒருவர் போனை எடுத்து வடிகட்ட வேண்டும். எங்கள் வீட்டில் மனைவி சமையலறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து பெயர், ஊர், விஷயம் மூன்றையும் கேட்டு எனக்குத் தட்டி அனுப்புகிறாள். "இவர் பாராட்டப் போகிறார், கடைசியில் போடுங்கள். இவர் கோபமாக இருக்கிறார், முதலில் போடுங்கள்" என்பது அவள் வகுத்த கொள்கை. எதிர்க் கட்சிக்காரர் அழைத்தால் வரிசையைத் தாண்டி உள்ளே விடுவோம். மரியாதையாக நடத்துங்கள், முழுதாகப் பேச விடுங்கள். அவரால்தான் மற்ற லைன்கள் நிரம்பும்.

நேயர் பேச வரும்போது அவரிடம் நாம் சொல்லும் முதல் வார்த்தை, "உங்கள் ரேடியோவைக் குறையுங்கள்." கெட்ட வார்த்தையை வெட்டுவதற்காக நிலையம் ஒலியைச் சில நொடி தாமதித்து ஒலிபரப்பும். காலை 6 மணி முதல் இரவு 10 வரை ஆபாசப் பேச்சுக்கு எஃப்சிசி (அமெரிக்காவில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) அபராதம் உண்டு, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. தாமதம் தெரியாமல், 'காற்றில் எப்படி ஒலிக்கிறேன்' என்று பார்க்க ஹெட்போனில் நிலைய அலைவரிசையையே வைத்துக்கொண்டு நானும் ஒரு நாள் திண்டாடினேன். மிக்ஸர் ஒலியை மட்டும் கேளுங்கள்.

யாராவது வாய்தவறினால் ஆபரேட்டர் பொத்தானை அமுக்கி அதை விழுங்கிவிடுவார். நீங்கள் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லிக் கண்டிக்காதீர்கள். முதல் தடவை அவர் சொன்னது போகவில்லை, நீங்கள் சொன்னது போய்விடும்.

முன்பே பதிவு செய்து ஒலிபரப்புவதாக இருந்தால், பதிவு தொடங்கும் முன்னரே எதிராளியிடம் சொல்லியாக வேண்டும். வேடிக்கைக்கு நகராட்சி அலுவலகத்தை அழைத்துப் பேச வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

படி 7: தேர்தல் சமயம்

"மறுதரப்புக்கும் நேரம் கொடுக்க வேண்டாமா?" என்பது எனக்கு அதிகம் வரும் கேள்வி. வேண்டாம். சர்ச்சைகளில் மறுதரப்புக்கும் இடம் தரச் சொன்ன, 1949இல் வந்த நியாயக் கோட்பாட்டை எஃப்சிசி 1987இல் கைவிட்டது. நம் வகை நிகழ்ச்சிகள் பெருகியதே அதற்குப் பிறகுதான். ஆனால் வேட்பாளர்களுக்கான சமநேர விதி வேறு, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நான் மாட்டினேன்.

பள்ளி வாரியத்துக்கு நின்ற நண்பர் ஒருவரை, மே தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அரை மணி நேரம் பேச வைத்தேன். திங்கட்கிழமை நிலைய மேலாளர் அழைத்தார். போட்டி வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால் அவர்களுக்கும் அதே வாய்ப்பைத் தர வேண்டியிருக்கும். செய்திப் பேட்டிக்கு விலக்கு உண்டு, ஆனால் காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் நண்பரை உட்கார வைத்தது செய்திப் பேட்டியா என்று வாதாட அவர் தயாராக இல்லை. அடுத்த வாரம் மற்ற இருவரையும் அழைத்தேன். ஒருவர் வந்தார், என் நண்பரைவிட நன்றாகவே பேசினார். இப்போது தேர்தல் வந்தால் முதலிலேயே எல்லாருக்கும் கடிதம் போட்டுவிடுகிறேன், நகல் மேலாளருக்கு. நீங்களே வேட்பாளராக நிற்க நினைத்தால், முதலில் மைக்கை விட்டு இறங்குங்கள்.

அவதூறு பற்றி ஒரு வரி. 1964இல் சல்லிவன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் பொது அலுவலர்களைக் காரமாக விமர்சிக்க நிறைய இடம் இருக்கிறது. பொய் என்று தெரிந்தே சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போன்ற தனிமனிதர் விஷயத்தில் அந்த இடம் மிகவும் சுருங்கிவிடும். எனவே கூட்டக் குறிப்பு கையில் இருந்தால் பேசுங்கள், வாட்ஸ்அப் இருந்தால் வாயை மூடுங்கள்.

படி 8: விளம்பரம்

ஆலங்கட்டி மழை பெய்யும் ஊரில் கூரை போடுகிறவர்கள்தான் நமக்குப் படியளக்கும் பெருமாள். ஏசி பழுது பார்ப்பவர்கள் அடுத்து. பணம் கொடுத்தவரை விருந்தினராகப் பேச வைத்தால், அது பணம் பெற்ற நேரம் என்று காற்றிலேயே சொல்ல வேண்டும். சட்டம் அது. சொல்வதால் நேயர்கள் ஓடிவிடவும் இல்லை.

*பின்சேர்க்கை 2:* எச்1பி விசாவில் இருக்கும் இருவர், தாங்களும் நடத்தலாமா என்று கேட்டார்கள். கருத்துச் சொல்வது வேறு, நிகழ்ச்சி நடத்தி விளம்பரக் காசு வாங்குவது வேறு. இரண்டாவது அனுமதியில்லாத வேலையாகிவிடலாம். குடியேற்ற வக்கீலிடம் பேசாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

*பின்சேர்க்கை 3:* இடைவேளை இசைக்கு நிலையம் வைத்திருக்கும் அனுமதி ஒலிபரப்புக்குத்தான். அதே நிகழ்ச்சியைப் பாட்காஸ்டாகப் போடும்போது பாட்டை வெட்டிவிடுங்கள்.

*பின்சேர்க்கை 4:* வாரநாளில் மாலை ஐந்து மணி நேரத்தை மலிவாக வாங்கிய ஒருவர், கோடையில் நன்றாகக் கேட்ட நிகழ்ச்சி டிசம்பரில் பாதியில் மங்குகிறது என்று எழுதியிருந்தார். மைக்கையும் இணையத்தையும் மாற்றிப் பார்த்தாராம். கோளாறு சூரியனில். இரவில் ஏஎம் அலைகள் வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போய்ப் பிற நிலையங்களோடு மோதும் என்பதால், பல நிலையங்கள் சூரியன் மறைந்ததும் சக்தியைக் குறைத்தாக வேண்டும். டல்லாஸில் டிசம்பர் அஸ்தமனம் ஏறக்குறைய 5:20. மாலை நேரம் வாங்குவதற்கு முன், நிலையத்தின் இரவுச் சக்தி எத்தனை வாட் என்று கேளுங்கள். அவர் இப்போது மதியம் ஒரு மணிக்கு மாறிவிட்டார், கொஞ்சம் கூடுதல் விலைக்கு.