மன்னிப்புக் கேட்பதில் நாம் செய்யும் தவறுகள்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில், சபையில் முழு உறுப்பினராகத் தயாராகும் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு வாருங்கள் என்பேன். இந்த வருஷம் ஒரு பையன் செல்போனை நீட்டினான். ‘உங்கள் மனம் புண்படும்படி ஏதாவது செய்திருந்தால் மன்னிக்கவும்.’ 42 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பியிருந்தான். “எல்லார்கிட்டயும் கேட்டாச்சு சார்” என்றான். முகத்தில் அவ்வளவு நிம்மதி. எனக்குச் சுரீரென்றது. அதே நிம்மதியோடு நானும் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன்.

பொய், களவு பற்றியெல்லாம் ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். இங்கே வேண்டாம்.

‘இருந்தால்’ என்று கேட்பது

எங்கள் ஊர் தரங்கம்பாடிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2002-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. பிந்தி வந்த தண்ணீரையும் முறை வைத்துத்தான் விட்டார்கள். ஒரு ராத்திரி, பக்கத்து வயல் அண்ணனின் முறை. அண்ணியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவர் அங்கேயே இருந்தார். நான் மண்வெட்டியோடு போய், அவருடைய வயலுக்குத் தண்ணீர் பாயும் வாமடையில் வைக்கோலைத் திணித்து, மேலே சேற்றை அப்பி அடைத்துவிட்டு, தண்ணீரை என் வயலுக்குத் திருப்பினேன். அதற்கப்புறம் முறை வரவில்லை. என் பயிர் பிழைத்தது. அவருடைய 3 மா பயிர், ஏறக்குறைய ஒரு ஏக்கர், கதிர் வரும் நேரத்தில் காய்ந்தது.

எனக்கு நானே என்னவெல்லாம் சொல்லிக்கொண்டேன்! ஆள் இல்லாத வயலுக்குப் போய் வீணாகிற தண்ணீர்தானே. எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே. கர்த்தர்தான் வழி காட்டினார். அந்தக் கடைசி வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன் பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, விடிந்ததும் அண்ணன் வீட்டுக்குக் கேக் கொண்டுபோய், “ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்கண்ணே” என்பேன். “அதுக்கென்ன தம்பி” என்பார். வருஷா வருஷம் இதே பேச்சு.

செய்தது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் கேட்டேன். மன்னிப்புக் கேட்கிற வாய்க்குள்ளேயே ஒரு பொய். அதோடு, ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்லி என்னைத் தேற்றும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டினேன்.

பைபிளில் சவுல் ராஜாவும் இதைத்தான் செய்தான். கர்த்தர் அழிக்கச் சொன்ன அமலேக்கியரின் ஆடுமாடுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, ஜனங்கள் பலியிடத்தான் வைத்தார்கள் என்றான். பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்ட பிறகும், மூப்பர் முன்னால் தன்னைக் கனம்பண்ணும்படி தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டான். தாவீது ராஜாவோ, தன் பாவத்தைச் சுட்டிக்காட்டிய தீர்க்கதரிசி நாத்தானிடம் ஒரே வரியில் ஒத்துக்கொண்டான். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1714-இலேயே சுவிசேஷங்கள் தமிழில் அச்சாகிவிட்டன. முந்நூறு வருஷமாக நம் ஊர்க் கோயில்களில் கேட்கிற வசனம் இது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரமோ கணக்கே போட்டுக் கொடுக்கிறது. பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தீங்கு அடைந்தவனுக்குக் கொடு என்கிறது.

2011-இல்தான் போனேன். அவருக்கு நஷ்டம் 20 மூட்டை என்று வைத்து, 24 மூட்டை நெல்லுக்கான பணத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன். எந்த ராத்திரி, எந்த மடை, எதை வைத்து அடைத்தேன், எல்லாம் சொன்னேன். அண்ணன் பணத்தைத் தொடவில்லை.

“அந்த வைக்கோலைப் பிடுங்கினதே நான்தானே தம்பி. மண்வெட்டி யாருதுன்னு வெட்டைப் பாத்தா தெரியாதா? நீங்களா என்னைக்கு வாயைத் திறப்பீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அப்புறம் உள்ளே போய் ஒரு அடகு ரசீதை எடுத்துவந்தார். மடிப்பில் கிழிந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தது. அந்த வருஷம் வைத்த அண்ணியின் சங்கிலி. வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போய்விட்டது. ஐந்தில் ஒரு பங்கு என்று நான் போட்ட கணக்கில் அந்தச் சங்கிலி இல்லை.

தாமதமாகப் போகிறவர்கள் முதலில் இதைக் கேளுங்கள்: நான் வராத நாட்களில் உங்களுக்கு என்னவெல்லாம் போனது?

ஆளை விட்டுவிட்டுக் காணிக்கை வைப்பது

வேளாங்கண்ணிக்கு நடந்து போவதும் நல்லது, அறுப்பின் பண்டிகைக்கு மூட்டை மூட்டையாகக் கொடுப்பதும் நல்லது. தம்பிக்குச் சேர வேண்டிய பங்கைக் கையில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

சபையில் சாட்சி சொல்லும்போது அடுத்தவர் பெயரை இழுப்பது

கூடவே கூடாது.

மன்னிக்கச் சொல்லி நெருக்குவது

அடிபட்டவரிடம் வசனத்தைக் காட்டி, ‘நீங்கள் மன்னித்துத்தான் ஆக வேண்டும்’ என்பது இரண்டாவது அடி. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். உங்களைப் பார்த்தாலே பயப்படுகிறவர் என்றால் நேரில் போய் நிற்கவும் வேண்டாம். அவர் நம்பும் ஒருவர் மூலம் கேளுங்கள்.

உடனே பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பது

சங்கிலிக்கான பணத்தை மூன்று தவணையாகக் கொடுத்தேன். மூன்றாவது தவணையன்று அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். அண்ணன் இப்போது வழியில் பார்த்தால் நின்று பேசுகிறார். தண்ணீர் முறை வரும் ராத்திரிகளில் மட்டும், விடியும்வரை அவருடைய வாமடைப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிகிறது.