பெட்டை நாய் காலில் ஏறினால்: அதை நிறுத்தப் போய் நாம் செய்யும் தவறுகள்

என் தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரை வாங்கி ஒரு வாய் குடிப்பதற்குள் எங்கள் ஜூலி ஓடிவந்து, அவர் வலது காலை முன்னங்கால்களால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டத் தொடங்கிவிட்டாள். சலவை வேட்டி வேறு. ஜூலிக்கு அப்போது இரண்டு வயது, ஐந்தரை கிலோ எடை. கருத்தடை ஆபரேஷன் முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா, "ஏய்... ச்சீ, இறங்குடி!" என்று கத்தினார். நான் பாய்ந்துபோய்க் கழுத்துப் பெல்ட்டைப் பிடித்து இழுத்து, பால்கனியில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அப்பா மட்டும் எதையுமே பார்க்காதவர்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அது வேறு கதை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் சித்தி, அம்மா, நான் என மூவரும் ஆளுக்கொரு தவறு செய்தோம். அப்பா செய்ததுதான் இருந்ததிலேயே பரவாயில்லை. அவர் அதை வெட்கத்தில் செய்தார் என்பதை இங்கே மறந்துவிடலாம்.

"பொட்ட நாய்க்கு எதுக்குடா இந்த வேலை?"

பாட்டி கேட்ட கேள்வி இது. எல்லாத் தவறுகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. மேலே ஏறுவது ஆண் நாயின் காம விவகாரம் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். அதனால் பெண் நாய் ஏறினால் ஏதோ கோளாறு என்று பயம், இல்லாவிட்டால் அசிங்கம். கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிகள், ஆண் பெண் பேதமில்லாமல், விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கருத்தடை செய்த பெண் நாயும் ஏறும். பருவத்துக்கு வந்திருக்கும்போது ஹார்மோன் ஒரு காரணமாக இருக்கலாம்தான். மற்ற நாட்களில் பெரும்பாலும் காரணம் வேறு. தாங்க முடியாத குஷி, புது ஆட்களைக் கண்ட பதற்றம், போதிய நடை இல்லாத அலுப்பு, தூக்கக் குறைவு, யாராவது நம்மைப் பார்க்க மாட்டார்களா என்ற ஏக்கம். என்ன செய்வது என்று தெரியாமல் நாம் நகத்தைக் கடிக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். பால் பொங்கினால் பாத்திரத்தை அடித்துப் பயனில்லை, அடுப்பைக் குறைக்க வேண்டும்.

இதற்கு அடுத்த தவறு, "அது உன்னை அடக்கப் பார்க்குது, நீதான் தலைவன்னு காட்டு" என்ற உபதேசம். இதை எனக்குச் சொன்னவர் நாய் வளர்ப்பில் இருபது வருட அனுபவசாலி. சொன்னபடி நான் ஜூலியை மல்லாக்கத் தள்ளி மார்பை அழுத்திப் பிடித்தேன். மூன்றாம் முறை அவள் பல்லைக் காட்டினாள். மற்றவற்றை அடக்கி ஆளும் ஓநாயே கூட்டத்தின் தலைவன், நாயும் அப்படித்தான் என்ற இந்தத் 'தலைமை ஓநாய்' கதையின் பூர்வீகம், 1947இல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே இடத்தில் அடைத்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதித் தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். ஓநாய்க்கே பொருந்தாத கதையை ஐந்தரை கிலோ நாயின் நெஞ்சில் அழுத்திக் காட்டியது என் அறியாமை. அப்படி அமுக்கினால் நாய்க்கு மரியாதை வராது. கை நெருங்கினாலே கடிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் வரும்.

சிரிப்பும் திட்டும் நாய்க்கு ஒன்றுதான்

சித்தி சிரித்தார், அம்மா கத்தினார். ஜூலியின் கணக்கில் இரண்டும் ஒன்றே: எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்ன நாய் என்பதால் நாம் இன்னும் கெடுக்கிறோம். முப்பது கிலோ லாப்ரடார் காலில் ஏறினால் யாரும் போன் எடுத்துப் படம் பிடிக்க மாட்டார்கள். பொமரேனியன் ஏறினால் வீடே கூடி ரசிக்கும். (நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். எங்களுடையதும் அதுதான்.) கையால் தள்ளிவிடுவதும் பேச்சுவார்த்தைதான். தள்ள வந்த கையை அது விளையாட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக வரும்.

சரி, கண்டுகொள்ளாமல் இருக்கலாம் என்று முடிவெடுத்தால் அங்கேயும் ஒரு குழி உண்டு. வழக்கமாகக் கிடைத்த கவனம் திடீரென்று நின்றால், நாய் முதல் சில நாட்கள் இரண்டு மடங்கு மும்முரமாக முயலும். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறோமே, அதே புத்தி. நாலாம் நாள் நமக்குப் பொறுமை போய், "சனியனே, விடு!" என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது. நாலு நாள் விடாமல் முயன்றால் பலன் உண்டு என்று அது கற்றுக்கொள்ளும். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும். ஆகவே வீட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். காலை விடுவித்துக்கொண்டு, பேசாமல், கண்ணைப் பார்க்காமல், எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவது. அரை நிமிடம் கழித்துத் திரும்பி வருவது. அவ்வளவுதான். அரை மணி நேரம் பால்கனியில் அடைத்துவைத்தால் எதற்காக அடைத்தார்கள் என்பது அதற்கு நினைவிருக்காது. தனிமைதான் மிச்சம்.

சின்ன நாய்க்கு அதிகம் உள்ள இரண்டு ஆபத்துகள்

நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற குட்டி இனங்களில் பலவற்றுக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் பலவீனமாக இருக்கும். வயது ஏற ஏற அது தட்டையாகி, வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் வரும். அந்தக் கழுத்தை வெடுக்கென்று இழுப்பது நல்லதல்ல. மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் வாங்குங்கள்.

இன்னொன்று முழங்கால் சில்லு. சிறு இனங்களில் அது இடம் விலகுவது சகஜம். ஓடும்போது திடீரென ஒரு பின்காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நொண்டிவிட்டுச் சாதாரணமாக ஓடினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். அந்த நாய் வழவழப்பான டைல்ஸ் தரையில் பின்காலில் நின்று ஆடிக்கொண்டிருப்பது மூட்டுக்குக் கேடு. மானம் போகிறது என்பதைவிட, ஏறுவதைக் குறைக்கச் சொல்ல இது நல்ல காரணம்.

டாக்டரிடம் போகாமல் பயிற்சியில் இறங்குவது

பெரிய தவறு என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். இதுவரை ஏறாத நாய் திடீரென்று ஏற ஆரம்பித்தாலோ, நாளுக்கு நாள் அதிகமானாலோ, முதலில் கால்நடை மருத்துவர், அப்புறம்தான் பயிற்சி. சிறுநீர்த்தொற்று, சிறுநீர்ப்பைக் கல், பிறப்புறுப்பு மடிப்பில் ஈரம் தங்கி வரும் புண், ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு, தோல் அலர்ஜி என எது அந்த இடத்தில் அரித்தாலும் எரிந்தாலும் நாய் எதன்மேலாவது தேய்க்கும். நமக்கு அது 'ஏறுவதாக'த் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சிறுநீர் போவது, வீட்டுக்குள் போய்விடுவது, பின்புறத்தை ஓயாமல் நக்குவது, தரையில் இழுத்துத் தேய்ப்பது ஆகியவை கூடவே இருக்கிறதா என்று இரண்டு நாள் கவனியுங்கள். காலையில் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான சிறு டப்பாவில் பிடித்துக்கொண்டு போனால் டாக்டரின் வேலை பாதி முடிந்துவிடும். சின்ன நாய்க்குக் கரண்டியை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். சிறு இனங்கள் பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதுக்குள் முதல் ஹீட்டுக்கு, அதாவது பருவத்துக்கு, வரும். பிறகு ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அந்த நாட்களில் ஏறுவது கூடலாம், திட்டிப் பலனில்லை. ரத்தக் கசிவு வெளிறிக் குறைந்ததும் "முடிஞ்சுது" என்று சங்கிலியில்லாமல் தெருவில் விடுவது பலர் செய்யும் பிழை. சினைபிடிக்க வாய்ப்புள்ள நாட்கள் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகின்றன.

ஹீட் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து வருவது பொய்ச்சினை. ஜூலிக்கு முதல் ஹீட்டுக்குப் பின் வந்தது. தங்கையின் பழைய சாக்ஸ் ஒன்றைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டு காவல் காத்தாள், மடி வீங்கியது, தலையணைமேல் ஏறினாள், கிட்டே போனால் உறுமினாள். நாங்கள் பேய் பிடித்ததாகப் பேசிக்கொண்டோம். சினை பிடிக்காவிட்டாலும் உடம்பு சினையானதுபோல் நடந்துகொள்ளும் காலம் அது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும். பால் வருகிறதா என்று மடியை அழுத்திப் பார்ப்பது கூடாது, தூண்டினால் இன்னும் சுரக்கும். அந்தச் சமயத்தில் அவசரமாக ஆபரேஷன் செய்தால் பொய்ச்சினை நீடிக்கக்கூடும் என்பதால், அடங்கும்வரை காத்திருக்கச் சொன்னார் எங்கள் டாக்டர். ஆனால் அதே காலகட்டத்தில் நாய் நிறையத் தண்ணீர் குடித்து, சோர்ந்து படுத்து, பிறப்புறுப்பிலிருந்து சீழ் வந்தால் அது கருப்பைச் சீழ்க்கட்டாக இருக்கலாம். ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாமலும் இருக்கும்.

ஹீட்டே வராமல் தடுக்க ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த வகை ஹார்மோன் ஊசிகள் கருப்பைச் சீழுக்கும் மடிக் கட்டிக்கும் வழிவகுக்கக்கூடியவை. "ஒரு தடவை குட்டி போட்டா அடங்கிடும்" என்பதும் வெறும் பேச்சு. அடங்குவதில்லை, நாலு குட்டிக்கு வீடு தேடி அலைவதுதான் மிச்சம். மறுபக்கம், ஆபரேஷன் செய்தால் மறுநாளே ஏறுவது நின்றுவிடும் என்று நம்புவதும் தவறே. ஹார்மோனால் வந்தது குறையும், பழக்கமாகிவிட்டது குறையாது. எங்கள் கதையே சாட்சி. ஆபரேஷன் முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீங்கி, கசிந்து, ஆண் நாய்கள் வாசலில் கூடினால் மட்டும் சூலகத்தில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பிஸ்கட் கொடுத்தும் கெடுக்கலாம்

உடம்பில் குறை இல்லை என்று தெரிந்ததும் நான் வீராவேசமாகப் பயிற்சி தொடங்கினேன். ஜூலி ஏறுவாள், "வா" என்பேன், இறங்கி வருவாள், பிஸ்கட் தருவேன். பத்து நாளில் அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஏறக் கற்றுக்கொண்டாள். ஏறினால்தானே கூப்பிடுவார்கள், கூப்பிட்டால்தானே பிஸ்கட்! கூப்பிட வேண்டிய நேரம் ஏறிய பிறகல்ல, அதற்கு முந்தைய சில நொடிகள். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு முன்னறிவிப்பு உண்டு. ஜூலி இரண்டு முறை காலைச் சுற்றுவாள், முட்டியை மூக்கால் இடிப்பாள், அப்புறம் ஒரு முன்னங்காலைத் தூக்கி வைப்பாள். சுற்றும்போதே கூப்பிட்டு, வந்ததும் உடனே கொடுக்க வேண்டும்.

விருந்தாளி வரும் நேரத்துக்குத் தனி ஏற்பாடு செய்தோம். ஹாலின் மூலையில் ஒரு பழைய கோரைப்பாய். யாரும் இல்லாத நாட்களில் காலிங் பெல்லை நாங்களே அடித்து, பாயில் போய்ப் படுத்தால் வேகவைத்த கோழித் துணுக்கு. மிளகாய், வெங்காயம் எதுவும் சேர்க்காதது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. ஆட்கள் வருவதற்கு முன் அரை மணி நேரம் வெளியே கூட்டிப்போய், அவசரப்படுத்தாமல் அவள் மோப்பம் பிடிக்க விட்டுவிடுவோம். முதல் சில வாரங்கள் வீட்டுக்குள்ளும் ஹார்னஸில் லேசான கயிறு ஒன்று தொங்கும். நழுவினால் கயிற்றை மிதித்து நிறுத்தலாம், கையால் தொட வேண்டியதில்லை. அமைதியாகப் படுத்திருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை என்பதும் தவறுதான். அப்போதுதான் போகிற போக்கில் ஒரு துணுக்குப் போட வேண்டும். சரியாக இரண்டரை மாதம் ஆனது. நடுவில் பேரன் பேத்திகள் வந்திருந்த கோடை விடுமுறையில் எல்லாம் பாழாகி மறுபடி ஆரம்பித்தோம்.

மற்ற நாய்கள்மேல் ஏறினால் "அதுங்களே பார்த்துக்கும்" என்று விட வேண்டாம். இரண்டு மூன்று நொடியில் இறங்கிவிட்டால் விளையாட்டு. கீழே இருக்கும் நாய் வாலை ஒடுக்கினால், விலகப் பார்த்தால், உடனே கூப்பிட்டுப் பிரியுங்கள். சின்ன நாய் பெரிய நாயை வம்புக்கு இழுத்தால் ஒரே கடியில் கதை முடியும்.

தனியாக, தன் மெத்தைமேல், எப்போதாவது ஒரு நிமிடம் ஏறிவிட்டு இறங்கினால்? என் கருத்து, விட்டுவிடுங்கள். சாப்பாட்டைக் காட்டியும் நிறுத்த முடியவில்லை, தோல் உராய்ந்து புண்ணாகிறது என்றால் அது வேறு, டாக்டரிடம் பேச வேண்டியது. தீபாவளி ராத்திரி வெடிச்சத்தம் தாங்காமல் ஜூலி இப்போதும் பாட்டியின் திண்டுமேல் ஏறத்தான் செய்கிறாள். கதவைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிறோம்.

தங்கையின் மாமனார் இப்போது மாதம் ஒருமுறையாவது வருகிறார். பெல் அடித்ததும் ஜூலி பாய்க்கு ஓடிவிடுகிறாள். அவர்தான் இன்னும் நம்பவில்லை; சோபாவில் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்ட பிறகே காபியை வாங்குகிறார்.