மெய்நிகர் சண்டை அமைப்பு: ஒப்பந்தச் செலவில் மூழ்காமல் தொடங்குவது எப்படி?

எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) மேலாண்மை கேம்களில், சண்டை நிகழ்ச்சிகள் நடத்த நான் தொடங்கிய முதல் அமைப்பு ஐந்தே நிகழ்ச்சிகளில் திவாலானது. அரங்கு நிரம்பவில்லை என்று சொல்ல முடியாது, ஓரளவு நிரம்பியது. சண்டைகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் கணக்கில் பணம் இருக்கிறதே என்று முதல் நாளே 60 பேரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். பெரிய நட்சத்திரத்துக்குக் கொடுத்த சம்பளத்தைவிட, பெஞ்சில் உட்கார வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிதான் என்னை முடித்தது.

கணினியோடு தனியாக ஆடும் சிமுலேஷனாக இருந்தாலும், நிஜ மனிதர்கள் வீரர்களை நிர்வகிக்கும் ஆன்லைன் கேமாக இருந்தாலும் கீழே உள்ள முறை பொருந்தும். பட்டன்களின் பெயர் கேமுக்குக் கேம் மாறும், கணக்கு மாறாது.

படி 1: ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான கேம்கள் நிஜ எம்எம்ஏ உலகின் முறையையே பின்பற்றுகின்றன. வீரர் களத்தில் இறங்கினாலே கிடைப்பது ஷோ மணி. ஜெயித்தால் மட்டும் கூடுதலாகக் கிடைப்பது வின் போனஸ். இரண்டும் சமமாக இருப்பதுதான் வழக்கம். பெரிய எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சி-யில் புதுமுகங்களுக்குப் பல ஆண்டுகள் இருந்த ஏற்பாடு 10,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு 10,000. ரசிகர்கள் இதை 'டென் அண்ட் டென்' என்பார்கள்.

இதோடு நான்கு விஷயங்கள் இருக்கும்: எத்தனை சண்டை, எத்தனை மாதம், வேறு அமைப்பில் சண்டையிடத் தடை உண்டா, கையெழுத்துக்கு முன்பணம் உண்டா. சில கேம்களில் மாதச் சம்பளமும் உண்டு. அந்த வசதி இருந்தால் தொடக்கத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய ஐஎஃப்எல் என்ற அமைப்பு அணி முறையில் போட்டி நடத்தி, வீரர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2008-லேயே திவால்.

படி 2: ஒரு நிகழ்ச்சிக்கான உச்சவரம்பை முதலில் எழுதுங்கள்

வீரர் பட்டியலைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நான் உட்பட எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம்: பிடித்த வீரரை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் பணம் எங்கே என்று தேடுகிறோம்.

ஓர் உதாரணம். 1,000 இருக்கை கொண்ட அரங்கு. புது அமைப்புக்கு 600 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் 50 காயின். வரவு 30,000. அரங்கு வாடகை, விளம்பரம், ஒளிபரப்புக்கு 9,000 போனால் மீதி 21,000. இதில் வீரர்களுக்கு 15,000-க்கு மேல் கிடையாது என்று ஒரு கோடு போடுங்கள். மிச்சம் 6,000, அடுத்த நிகழ்ச்சிக்கு 400 பேர் மட்டுமே வரும் நாளுக்கு.

அந்த நாள் கட்டாயம் வரும். 2001-ல் யுஎஃப்சி-யை 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர்கள், அடுத்த நான்கு ஆண்டுகளில் அதைப் போலப் பல மடங்கு பணத்தை இழந்தார்கள். 2005-ல் தொலைக்காட்சி ரியாலிட்டி நிகழ்ச்சி கைகொடுத்த பிறகுதான் நிலைமை திரும்பியது. அவர்களுக்குப் பின்னால் சூதாட்ட விடுதிகளின் பணம் இருந்தது. நமக்கு கேம் கொடுத்த தொடக்க முதல் மட்டும்தான்.

படி 3: கார்டை (ஒரு நிகழ்ச்சியின் சண்டைப் பட்டியலை) இடங்களாகப் பிரித்து விலை போடுங்கள்

15,000-ஐ ஆறு சண்டைகளுக்குப் பங்கு போடுவோம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு சண்டையில் ஒருவர்தான் ஜெயிப்பார். ஆகவே எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் ஒரே வின் போனஸ் என்றால், யார் ஜெயித்தாலும் உங்கள் செலவு மாறாது. இரண்டு ஷோ மணி, ஒரு வின் போனஸ், அவ்வளவுதான்.

தொடக்கச் சண்டைகள் நான்கிலும் ஆளுக்கு 500+500 (ஷோ மணி 500, வின் போனஸ் 500) என்றால், ஒரு சண்டைக்கு 1,500. நான்குக்கும் 6,000. மெயின் ஈவென்ட்டுக்கு (இரவின் கடைசி, முக்கியச் சண்டைக்கு) முந்தைய சண்டை 800+800 என்றால் 2,400. மெயின் ஈவென்ட் 1,500+1,500 என்றால் 4,500. மொத்தம் 12,900. உச்சவரம்புக்கு இன்னும் 2,100 பாக்கி. 'இரவின் சிறந்த சண்டை' போனஸ், கடைசி நேரத்தில் காயம்பட்டவருக்கு மாற்று ஆள் ஆகியவை அந்தப் பாக்கிக்குள் அடங்க வேண்டும்.

இருவரின் போனஸும் வேறு வேறாக இருந்தால் எப்போதும் பெரியதையே கணக்கில் எடுங்கள். 3,000 போனஸ் வாங்கும் ஆளை 500 போனஸ் ஆளோடு மோதவிட்டு, 'சின்னவன் ஜெயித்தால் மிச்சம்தானே' என்று கணக்குப் போடாதீர்கள். மனம் தன்னையறியாமல் உங்கள் சொந்த நட்சத்திரம் தோற்க வேண்டும் என்று வேண்ட ஆரம்பித்துவிடும். நான் வேண்டியிருக்கிறேன். அவர் தோற்றார். அதற்கடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்கவில்லை.

சமநிலையில் முடிந்தாலோ, சண்டை ரத்தானாலோ போனஸ் யாருக்கு என்பதை உங்கள் கேமின் விதிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: எத்தனை பேர் தேவை?

இதுதான் விஷயத்தின் மையம். நின்று நிதானமாகப் பார்ப்போம்.

மாதம் ஒரு நிகழ்ச்சி, நிகழ்ச்சிக்கு ஆறு சண்டை, சண்டைக்கு இருவர் என்றால் வருடத்துக்கு 144 இடங்கள். ஒரு வீரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது வருடத்துக்கு நான்கு முறை இறங்குவார் என்றால் 144-ஐ நான்கால் வகுங்கள்: 36 பேர். உங்கள் நாட்காட்டி தாங்கும் உச்சம் இதுதான். நான் கையெழுத்து வாங்கிய 60 பேருக்கும் 'வருடத்துக்கு நான்கு சண்டை' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். 240 இடம் தேவை, இருந்தது 144. மீதி 96 இடங்களுக்கு நான் எங்கே போவது? சில கேம்களில் வாக்குக் கொடுத்த சண்டையைத் தராவிட்டால் நஷ்டஈடு கட்ட வேண்டும். சிலவற்றில் வீரரின் மனநிலை சரியும், அமைப்பின் பெயர் கெடும், அடுத்து வருபவர்கள் கூடுதல் விலை கேட்பார்கள். எப்படியும் அது செலவுதான்.

ஆகவே 36 இடம் இருந்தாலும் 28 பேரில் தொடங்குங்கள். மற்ற இடங்களை ஒரே ஒரு சண்டைக்கான ஒப்பந்தங்களால் நிரப்பலாம். அப்படி வருபவர்களில் யாராவது கூட்டத்தை எழுந்து நிற்க வைத்தால், நான்கு சண்டை ஒப்பந்தத்தை அப்போது நீட்டுங்கள்.

எடைப் பிரிவுகளையும் அளவோடு திறக்க வேண்டும். யுஎஃப்சி-யில் இன்று ஆண்களுக்கு மட்டும் எட்டுப் பிரிவுகள். ஆனால் 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் நிகழ்ச்சியில் எடைப் பிரிவே கிடையாது. எட்டுப் பேர், ஒரே இரவு, ஜெயித்த ராய்ஸ் கிரேசிக்கு 50,000 டாலர். நீங்கள் இரண்டோ மூன்றோ பிரிவுகளில் தொடங்குங்கள். 28 பேரை எட்டுப் பிரிவில் சிதறவிட்டால் ஒரு பிரிவுக்கு மூன்றரை ஆள். ஒருவருக்குக் காயம் என்றால் மோதவிட ஆளே இருக்காது. மூன்று பிரிவு என்றால் ஒன்பது பேர். மாற்று ஆள் வெளியிலிருந்து அதிக விலைக்கு வர வேண்டியதில்லை.

படி 5: நட்சத்திரத்தை எடுக்கலாமா?

ஒருவரை எடுக்கலாம். ஒரே ஒருவரை.

2008 ஜூலையில் உடை நிறுவனம் ஒன்று தொடங்கிய அஃப்லிக்‌ஷன் அமைப்பு, முதல் நிகழ்ச்சியிலேயே வீரர்களுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. ஃபியோடர் எமெலியானெங்கோவோடு மோதிய டிம் சில்வியாவின் சம்பளம் மட்டும் 8 லட்சம் டாலர். சண்டை 36 விநாடியில் முடிந்தது, சில்வியா தோற்றார். 2009 ஜனவரியில் இரண்டாவது நிகழ்ச்சி. மூன்றாவதின் மெயின் ஈவென்ட்டில் இறங்க வேண்டியவருக்கு உரிமம் கிடைக்காமல் போக, நிகழ்ச்சி ரத்தாகி, அமைப்பும் அதோடு மூடப்பட்டது. இரண்டு தோள்களில் கட்டிடத்தையே ஏற்றி வைத்தால், ஒரு தோள் சாய்ந்தாலும் கதை முடிந்தது.

நட்சத்திரத்துக்கு ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன். அவர் வந்தால் கூடுதலாக எத்தனை டிக்கெட் விற்கும்? 6,000 ஷோ மணி கேட்பவர், 50 காயின் டிக்கெட்டில் 120 பேரைக் கூடுதலாக அழைத்து வந்தால்தான் வரவும் செலவும் சமம். ஜெயித்தால் இன்னொரு 6,000 என்றால் 240 பேர். உங்கள் அரங்கில் காலியாக இருப்பதே 400 இருக்கைதான் என்பதையும் மறக்க வேண்டாம். அரங்கு ஏற்கெனவே நிரம்புகிறது என்றால், டிக்கெட் விலையை ஏற்றாமல் நட்சத்திரத்தை எடுப்பதில் பொருளே இல்லை. ஒளிபரப்பு வருமானம் உள்ள கேமில் மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

படி 6: பேரம்

வீரர் ஒரு விலை சொல்வார். மறுவிலை சொல்லும்போது ஷோ மணியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். நகர்த்த வேறு காய்களும் இருக்கின்றன. உங்களுக்கு மலிவானது எது, அவருக்கு மதிப்பானது எது என்று பாருங்கள்.

வளரும் இளைஞருக்கு சண்டை எண்ணிக்கை முக்கியம். வயதானவருக்குக் கையில் கிடைக்கும் பணம் முக்கியம், அவரிடம் இரண்டு சண்டைக்கு மேல் எழுதாதீர்கள். ஆன்லைன் கேம்களில் வீரரை நிர்வகிப்பவர் ஒரு மனிதர். சொன்ன தேதியில் சண்டை கிடைக்கும் என்று நம்பினால் அவர் 100 காயின் குறைத்துக்கொள்வார். அந்த நம்பிக்கையை உண்டாக்குவதற்கு ஒரே வழி, அடுத்த இரண்டு நிகழ்ச்சிகளின் தேதியை முன்கூட்டியே அறிவிப்பது. வேறு அமைப்பிலும் சண்டையிடலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் விலை இறங்கும். தொடக்கச் சண்டைகளில் வருபவர்களுக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். சாம்பியனுக்கு வேண்டாம்.

'ஜெயித்தால் அடுத்த சண்டைக்குச் சம்பளம் ஏறும்' என்ற ஏணி முறையில் கவனம் தேவை. பார்க்க மலிவாக இருக்கும். 500+500-ல் தொடங்கி, ஒவ்வொரு வெற்றிக்கும் இரண்டும் 250 ஏறும் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஜெயித்தால் 1,000, 1,500, 2,000, 2,500 என்று மொத்தம் 7,000. ஏணி இல்லாமல் என்றால் 4,000. ஜெயிப்பவர் கூட்டத்தையும் இழுப்பார் என்றால் சரி. பிடித்து அமுக்கியே ஜெயித்து, கூட்டத்தைக் கொட்டாவி விட வைக்கும் ஆளிடம் இந்த ஏணியை நீட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 7: ஒரு தாளில் எழுதி வையுங்கள்

எக்செல், நோட்டுப் புத்தகம், எதுவானாலும் சரி. பெயர், எடைப் பிரிவு, ஷோ மணி, வின் போனஸ், பாக்கிச் சண்டை, கடைசியாக இறங்கிய தேதி, ஒப்பந்தம் முடியும் தேதி. கேமிலேயே இவை எல்லாம் இருக்கும், ஆனால் ஏழு திரைகளில் சிதறி இருக்கும்.

பாக்கிச் சண்டைகளைக் கூட்டி, மாதத்துக்கு உள்ள 12 இடங்களால் வகுத்தால், எத்தனை மாத வாக்குறுதி தலைமேல் நிற்கிறது என்று தெரியும். எட்டு மாதத்தைத் தாண்டினால் நான் புதிதாக யாரையும் எடுப்பதில்லை. முடியும் தேதிகள் ஒரே மாதத்தில் குவியாமலும் பாருங்கள். முதல் நாள் எல்லோருக்கும் நான்கு சண்டை என்று எழுதினால், ஒரு வருடம் கழித்து எல்லோரும் ஒன்றாக வந்து வாசலில் நிற்பார்கள். சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று, சிலருக்கு நான்கு என்று கலந்து கொடுங்கள்.

படி 8: புதுப்பிப்பது எப்போது?

பாக்கி ஒரு சண்டை இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். ஒப்பந்தம் முடிந்த வீரரை மற்ற அமைப்புகளோடு போட்டி போட்டு ஏலத்தில் எடுக்க வேண்டியிருக்கும். பட்டத்துக்கான சண்டை என்றால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பெல்ட் இடுப்பில் ஏறிய மறுநாள் அவர் கேட்கும் விலை வேறு. நிஜத்தில் பெரிய அமைப்புகள் இதற்காகவே, சாம்பியனாக இருக்கும்வரை ஒப்பந்தம் தானாக நீளும் என்ற விதியை எழுதி வைத்திருந்தன. உங்கள் கேமில் அந்த வசதி இருந்தால் கேட்டு வாங்குங்கள், அதற்காக ஷோ மணியில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலும் பரவாயில்லை.

தொடர்ந்து மூன்று தோற்றவரை என்ன செய்வது? விடுவிக்கும் முன் அவருடைய தோல்விகளைப் பாருங்கள். மூன்றும் 'சிறந்த சண்டை' போனஸ் வாங்கியவை என்றால், 500+500-ல் அவரைவிட மலிவான முதலீடு கிடைக்காது. என் இப்போதைய அமைப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார். 4 வெற்றி, 9 தோல்வி. அவரிடம்தான் ஏழாவது முறையாக ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.