மாவிலைக் கஷாயமும் சுண்டெலியின் கால் வீக்கமும்

"மூட்டு வலிக்கு மாவிலைக் கஷாயம் குடிங்க, ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சாச்சு" என்று காவேரிப்பட்டணத்துத் தோப்புக்காரர் யாராவது சொன்னால், அதில் பாதி நிஜம்தான். மாமரத்தில் மாஞ்சிஃபெரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது சுண்டெலிகளுக்கு அழற்சியைக் குறைத்ததும் உண்மை. தப்பெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எலிக்கு என்ன செய்தார்கள் என்றே நாம் பார்ப்பதில்லை. இந்த வகை ஆய்வுகளில் ரொம்பப் பழக்கமான முறை ஒன்று உண்டு: கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனனைப் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் ஏற்றுவார்கள், சில மணி நேரத்தில் பாதம் புசுபுசுவென்று வீங்கும், எவ்வளவு வீங்கியது என்று அளந்துகொண்டே இருப்பார்கள். மருந்தைப் பெரும்பாலும் வீங்குவதற்கு முன்னாடியே கொடுத்துவிடுவார்கள். வரப்போகும் வீக்கத்தைத் தடுப்பது வேறு, வருஷக்கணக்கில் தேய்ந்துபோன அம்மாவின் முழங்கால் வேறு.

டோஸ் கணக்கிலும் சறுக்குகிறார்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால், 60 கிலோ ஆளுக்கு 6 கிராம் என்று பெருக்கிவிடுவது. சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவழித்துவிடும், அதனால் சுண்டெலியின் அளவைச் சுமார் 12ஆல் வகுக்க வேண்டும். வருவது கிட்டத்தட்ட அரை கிராம்தான். அதுவும் மனிதர்களிடம் சோதனையை எங்கே தொடங்கலாம் என்று பார்க்கிற கணக்கு, வீட்டில் அளந்து குடிக்க இல்லை. வாய்வழி கொடுத்தார்களா, வயிற்றில் ஊசி போட்டார்களா என்றும் பாருங்கள், ஏனென்றால் மாஞ்சிஃபெரின் தண்ணீரில் சரியாகக் கரையாது, விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது ரொம்பக் கொஞ்சம்.

சரி, மாம்பழமே சாப்பிட்டுவிடலாமே என்றால், சதையில் இது சொற்பம். இலை, பட்டை, தோல், கொட்டைப் பருப்பில்தான் அதிகம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் கூழ் டின்னில் ஏறுகிறது, ஆராய்ச்சிக்காரர்கள் தேடுகிற தோலும் கொட்டையும் கழிவாக வெளியே வருகின்றன! அதற்காகத் தோலை மென்று தின்னக் கிளம்பாதீர்கள். பெங்களூரா ரக மாங்காயோ செந்தூராவோ, காம்பைக் கிள்ளியதும் பீய்ச்சுகிற பால் பட்டு, காய் பறிக்கப் போனவர்களின் கன்னம் வெந்து கருத்துப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அழற்சிதான், அதே மரம்தான். ஆய்வுக்கூடத்தில் தனியாகப் பிரித்தெடுத்த ஒரு பொருளும், இலையை அப்படியே கொதிக்கவைத்த தண்ணீரும் ஒன்றாகிவிடாது. அதிலும் பூ விடும்போது தத்துப்பூச்சிக்கு மருந்தடித்த தோப்பில் இலை பறித்தால், கஷாயத்தில் வேறு என்னென்ன இறங்குமோ.

சுகர் மாத்திரை போடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இதே மாஞ்சிஃபெரின் ஆய்வக எலிகளுக்கு ரத்தச் சர்க்கரையையும் குறைத்திருக்கிறது. கஷாயம் குடித்தே தீருவேன் என்றால் டாக்டர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், வலி மாத்திரையோ சுகர் மாத்திரையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.