உளவியல் சோதனை: ஆளைச் சோதிக்கும் முன் கேள்வியைச் சோதியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில்தான் என் முதல் சோதனையை நடத்தினேன். முதியோரின் நினைவாற்றலுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பு பற்றியது. முதல் கேள்வி: ‘கடந்த ஒரு வாரத்தில் உங்களுக்கு மன அழுத்தம் இருந்ததா?’ எதிரே உட்கார்ந்திருந்த ஆயா சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினார். “அழுத்தமா? காலையிலேயே மாத்திரை போட்டுட்டேன் கண்ணு. வேணும்னா அளந்து பாரு.”

அவர் காதில் விழுந்தது இரத்த அழுத்தம். அவருக்கு முன் பதில் சொன்னவர்கள் எதை நினைத்துச் சொன்னார்களோ! அன்றைய தாள்கள் அத்தனையையும் ஒதுக்கிவிட்டேன். உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

படி 1: திருப்பி மொழிபெயர்த்துப் பாருங்கள்

ஒருவர் ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்கட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கட்டும். இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்தால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கி எழுதிய முறை இது.

படி 2: கேள்வியை அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள்

படி 1 மட்டும் போதாது. என் ‘மன அழுத்தம்’ அதில் சுலபமாகத் தேறியிருக்கும், ஏனென்றால் மொழிபெயர்ப்பவர்கள் இருவரும் படித்தவர்கள். ஆகவே நீங்கள் சோதிக்கப்போகும் மக்களிலேயே ஐந்தாறு பேரிடம் போங்கள். பதில் கேட்காதீர்கள், “இதுல என்ன கேட்டிருக்கு, உங்க பேச்சுல சொல்லுங்க” என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட பிறகுதான் ‘மனசு பாரமா இருந்துச்சா?’ என்று மாற்றினேன்.

நினைவாற்றலுக்கான சொற்பட்டியலும் அப்படித்தான். தமிழ்நாட்டிலிருந்து எடுத்த பட்டியலில் ‘வரப்பு’, ‘களத்துமேடு’ எல்லாம் இருந்தன. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகளில் பலருக்கு அவை வெறும் ஓசை. அறியாத சொல் நினைவில் நிற்காததை மறதி என்று எழுதுவது அநியாயம்.

படங்களும் கோடுகளும் எல்லோருக்கும் பொது என்றும் நம்பிவிடாதீர்கள். ஒரே நீளமுள்ள இரு கோடுகள், முனையில் உள்ள அம்புக்குறிகளால் வெவ்வேறு நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் மாயத்தோற்றத்தைப் பல சமூகங்களில் காட்டிப் பார்த்த ஆய்வு 1966-இல் வெளிவந்தது. அமெரிக்கர்கள் நன்றாக ஏமாந்தார்கள். காலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் ஏறத்தாழ ஏமாறவே இல்லை.

படி 3: கேட்பவர் யார் என்று பாருங்கள்

குருக்கள் பக்கத்தில் நின்றால் நம் பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம்’தான். அது மரியாதை, தகவல் அல்ல. கேள்விகளில் பாதியை ‘இல்லை’ என்பதே நலத்தைக் குறிக்கும்படி அமையுங்கள். நீங்கள் ஒப்பிடும் குழுக்களில் யார் எதில் என்று கேட்பவருக்கும் தெரியக் கூடாது. 1963-இல் உளவியல் ஆய்வாளர்கள் ரோசந்தாலும் ஃபோடும் சாதாரண எலிகளையே மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் ‘கெட்டிக்கார எலி’, சிலரிடம் ‘மந்தமான எலி’ என்றார்கள். கெட்டிக்கார எலி என்று நம்பியவர்களின் எலிகளே நன்றாகக் கற்றதாகப் பதிவாயின.

படி 4: இனங்களை ஒப்பிடுவதற்கு முன் நில்லுங்கள்

இந்த நாட்டில் இதை லேசாகக் கடக்க முடியாது. கறுப்பினப் பிள்ளைகளின் குறைந்த மதிப்பெண்ணைப் பிறவிக் குறையாகக் காட்டி 1939-இல் ஃபிக் என்ற உளவியலாளர் எழுதினார். பள்ளி, உணவு, வீட்டுச் சூழல், சோதனையின் தன்மை இவற்றைக் கணக்கில் எடுக்காமல் அப்படிச் சொல்ல முடியாது என்று 1943-இல் இன்னொரு உளவியலாளர் பீஸ்ஹூவல் மறுத்தார். வேலைக்கு எடுப்பதில் பயன்படும் உளவியல் சோதனை எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்த வேண்டும், எந்தக் குழுவுக்கும் பாதகமாகச் சாயக் கூடாது என்று 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமே சொல்கிறது. ஒரே கேள்வி இரு குழுவிலும் ஒரே பொருளைத் தருகிறது என்று காட்ட முடியாவிட்டால், அந்த இரு சராசரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடாதீர்கள்.

படி 5: யாரைக் கேட்டீர்களோ அவர்களையே எழுதுங்கள்

‘தென்னாப்பிரிக்கத் தமிழர்கள்’ என்று தலைப்புப் போடத் தோன்றும். நான் போட்டது: ‘சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வந்த, தமிழ் பேசும் முதியோர்’.