படகில் ஃபிரிட்ஜ்: கரண்டும் கவனிப்பும்

படகு ஃபிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கம்ப்ரஸர் ஓடும்போது அதன் முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது? பேட்டரியில் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் பேசுகிறார்கள். அது போதாது.

முதலில் எந்த வகை என்று பார்ப்போம். 12 வோல்ட் டிசி கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்தான் படகுக்குச் சரி. வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் ஓட்டலாம், ஆனால் இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் தின்னும். கேஸ் சுடரில் ஓடும் வகை ஆடாமல் சமமாக நிற்க வேண்டும். அறைக்குள் சுடர் வேறு எரியும். அதைப் படகில் நான் ஏற்றவே மாட்டேன்.

அப்புறம் கணக்கு. 50 லிட்டர் அளவுள்ள பெட்டியில் கம்ப்ரஸர் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். வெயில் நாட்களில் நாளின் பாதி நேரம் ஓடும் என்று வையுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 55 ஆம்பியர்-மணி (ஆம்பியரை ஓடும் மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) ஆகிறது. லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும். அதனால் ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒரு நாளுக்கு 110 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 80 சதவீதம் வரை எடுக்கலாம். 100 வாட் சோலார் பேனல், பாய்மர நிழலெல்லாம் போக, நல்ல வெயிலில் 25 முதல் 30 ஆம்பியர்-மணி தரும். ஆக 200 வாட்டுக்குக் குறைய வேண்டாம். இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மட்டும் ஃபிரிட்ஜ் தொடவே கூடாது. நடுக்கடலில் இன்ஜின் கிளம்பாமல் போனால் அது உயிர் விஷயம்.

இனி வயர். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், அதனால் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி ஃபிரிட்ஜ் இருந்தால் வயர் நீளம் 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.35 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.15 வோல்ட்தான். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இழுப்பு இன்னும் கூடும். வெள்ளீயம் (டின்) பூசிய செம்புக் கம்பியே வாங்குங்கள். வெறும் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப் பச்சை பிடித்துவிடும். விளக்குகளோடு சேர்க்காமல், பேட்டரி அருகிலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்துத் தனி வயராக இழுங்கள்.

இப்போது மல்டிமீட்டரை எடுங்கள். கம்ப்ரஸர் ஓடட்டும். பேட்டரியில் 12.4, கம்ப்ரஸர் முனையில் 11.5 என்று காட்டினால் 0.9 வோல்ட் நடுவில் எங்கோ தொலைகிறது. ஃப்யூஸ் பிடிப்பான், சுவிட்ச், கிரிம்ப் (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்திய இணைப்பு) என்று ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதை முதலில் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

செகாப் (முன்பு டான்ஃபாஸ்) பிடி35, பிடி50 கம்ப்ரஸர்கள் தங்கள் நோயைத் தாங்களே சொல்லும். கம்ப்ரஸரோடு இணைந்த கண்ட்ரோலர் பெட்டியில் + முனைக்கும் டி (D) முனைக்கும் நடுவே ஒரு எல்.இ.டி. மாட்டினால் போதும். ஒரு முறை மின்னினால் வோல்ட் குறைவு, இரண்டென்றால் ஃபேன் அதிகம் இழுக்கிறது, மூன்றென்றால் மோட்டார் கிளம்பவில்லை, நான்கென்றால் வேகம் போதவில்லை, ஐந்தென்றால் கண்ட்ரோலர் சூடு. வழக்கமான அமைப்பில் 10.4 வோல்ட்டில் நின்று, 11.7 வந்த பிறகுதான் திரும்ப ஓடும். ஒற்றை மின்னலைப் பார்த்துவிட்டு கேஸ் நிரப்ப ஆள் கூப்பிடாதீர்கள். வோல்ட் சரியாக இருந்து, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் குளிர்த்தட்டின் (பெட்டிக்குள் குளிரூட்டும் உலோகத் தகடு) ஒரு மூலையில் மட்டும் பனி படிந்தால்தான் கேஸில் சந்தேகம் வரலாம்.

பேட்டரியைப் பெரிதாக்கும் முன் குளிரைக் காப்பாற்றுங்கள். பெட்டியைச் சுற்றி 75 முதல் 100 மில்லிமீட்டர் ஃபோம் வேண்டும். மேலே திறக்கும் மூடி நல்லது. முன்கதவைத் திறந்தால் குளிர்க் காற்று கொட்டிப் போய்விடும். அடியில் வடிகால் துளை இருந்தால் அடைத்து வையுங்கள், இரவும் பகலும் குளிர் அதன் வழியே கசியும். கதவு ரப்பருக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தளர்வாக வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். இன்ஜின் ஓடும்போதோ கரைக் கரண்ட் இருக்கும்போதோ தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்தால் இரவில் கம்ப்ரஸருக்கு வேலை குறையும்.

குளிர்த்தட்டில் பனி 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அணைத்து உருக விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள்; மெல்லிய அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் கேஸ் மொத்தமும் போய்விடும். கண்டென்சரில் (சூட்டை வெளியே விடும் பகுதி) தூசியும் உப்பும் சேரும், மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். சூடான காற்று வெளியேற மேலே வழி, குளிர்ந்த காற்று வர கீழே வழி, இரண்டும் வேண்டும். அந்த இடத்தில் கயிறு, பை என்று திணித்து வைக்கும் பழக்கம்தான் பல படகுகளில் ஃபிரிட்ஜைக் கெடுக்கிறது.

படகைச் சில வாரம் நிறுத்தப் போகிறீர்களா? ஃப்யூஸைக் கழற்றி, சோடா உப்புக் கரைத்த நீரால் உள்ளே துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கதவு மூடாதபடி ஒரு கட்டையைச் செருகி வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும், அந்த நாற்றம் ரப்பரில் ஏறினால் லேசில் போகாது.