டெக்சாஸ் பள்ளியில் முதல் வருடமா? டி-டெஸ் மதிப்பீட்டைப் படிப்படியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு வருடம் சப்ஸ்டிட்யூட்டாக (மாற்று ஆசிரியராக) வேலை பார்த்து, சான்றிதழ்த் தேர்வுகளை எழுதி முடித்து, டெக்சாஸ் பொதுப்பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த தோழி ஒருத்தி போன ஆகஸ்டில் கூப்பிட்டாள். "அக்கா, எல்லாரும் டி-டெஸ் டி-டெஸ் என்கிறார்களே, அது இன்னொரு பரீட்சையா?" குரலிலேயே பயம் தெரிந்தது. நம்மூரில் ஆய்வாளர் வரும் நாளை நினைத்துக்கொண்டாள் போல.

பரீட்சை இல்லை. டி-டெஸ் (T-TESS) என்பது டெக்சாஸ் மாநிலத்தின் ஆசிரியர் மதிப்பீட்டு முறை. ஆனால் உங்கள் கான்ட்ராக்ட் வரைக்கும் போகக்கூடிய விஷயம். அவளுக்கு மூன்று நாள் போனில் சொன்னதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்கு எந்த விதி?

அமெரிக்காவில் ஆசிரியர் மதிப்பீட்டுக்கு நாடு முழுமைக்குமான ஒரே விதி கிடையாது. 2009இல் ஒபாமா அரசு 'ரேஸ் டு தி டாப்' என்று 435 கோடி டாலர் போட்டியை அறிவித்து, மாணவர் மதிப்பெண்ணை ஆசிரியர் மதிப்பீட்டோடு சேர்க்கச் சொல்லி மாநிலங்களைத் தள்ளியது. 2015 டிசம்பரில் வந்த புதிய கல்விச் சட்டம் அந்தப் பிடியை விட்டுவிட்டது. அதனால் நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் அண்ணி சொல்லும் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது. அங்கே நான்கு தரநிலைகள், டெக்சாஸில் ஐந்து.

டெக்சாஸில் அடிப்படை, மாநிலக் கல்விச் சட்டத்தின் 21ஆம் அத்தியாயம். நடைமுறை விவரமெல்லாம் நிர்வாக விதிகளின் 150ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. 1997 முதல் இருந்த பழைய முறையை எடுத்துவிட்டு, 2016-17 கல்வியாண்டில் டி-டெஸ் மாநிலம் முழுக்க வந்தது. ஆனால் ஒரு டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) விரும்பினால் தனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. டாலஸ் அப்படித் தனி முறை வைத்திருக்கிறது. ஆகவே வேலையில் சேர்ந்த வாரமே ஹெச்.ஆர்.இடம் கேளுங்கள்: "நம் டிஸ்ட்ரிக்டில் டி-டெஸ்ஸா, சொந்த முறையா?" கீழே இருப்பதெல்லாம் டி-டெஸ் உள்ள இடங்களுக்கு.

படி 1: ரூப்ரிக்கை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ரூப்ரிக் என்றால் எதற்கு எந்தத் தரநிலை என்று சொல்லும் அட்டவணை. திரையில் பார்த்தால் மனதில் நிற்காது, தாளில் எடுங்கள். நான்கு பிரிவுகள், மொத்தம் 16 கூறுகள். திட்டமிடலில் 4, கற்பித்தலில் 5, வகுப்பறைச் சூழலில் 3, தொழில்முறைப் பொறுப்புகளில் 4. ஒவ்வொரு கூறுக்கும், உயர்ந்ததிலிருந்து கீழாக, ஐந்து தரநிலைகள்: டிஸ்டிங்விஷ்ட், அக்கம்ப்ளிஷ்ட், ப்ரொஃபிஷியன்ட், டெவலப்பிங், இம்ப்ரூவ்மென்ட் நீடட்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எப்போதும் முதல் ரேங்க் வாங்கியே பழகிய நமக்கு, ஐந்தில் நடுவில் நிற்கும் 'ப்ரொஃபிஷியன்ட்' ஏதோ ஜஸ்ட் பாஸ் மாதிரித் தெரியும். அப்படி நினைக்காதீர்கள். நல்ல, உறுதியான ஆசிரியர் இருக்கவேண்டிய இடமே அதுதான் என்று வைத்துத்தான் இந்த ரூப்ரிக்கை எழுதியிருக்கிறார்கள். முதல் வருடத்தில் சில கூறுகளில் 'டெவலப்பிங்' வருவதும் சகஜம்.

அப்புறம், ஒரு கூறை எடுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படித்துப் பாருங்கள். வலது ஓரத்தில், அதாவது கடைசித் தரநிலையில், வேலை செய்வதெல்லாம் ஆசிரியர். இடது பக்கம் போகப் போக வேலை மாணவர் கைக்கு மாறுகிறது. இது பிடிபட்டால் ரூப்ரிக்கில் பாதி புரிந்த மாதிரி.

படி 2: ஓரியன்டேஷனும் இலக்கும்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட் டி-டெஸ் ஓரியன்டேஷன் (அறிமுகக் கூட்டம்) நடத்தியே ஆகவேண்டும். அது முடிந்து குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் முறையான அப்சர்வேஷன் (உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பது) வைக்கலாம். ஓரியன்டேஷன் முடிந்த ஆறு வாரத்துக்குள் உங்கள் இலக்குகளையும், அதற்காக என்ன பயிற்சி எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுக்கவேண்டும்.

இலக்கு எழுதும்போது பெரிதாக எழுதாதீர்கள். "மாணவர்களின் கணிதத் திறனை உயர்த்துவேன்" என்றால் வருடக் கடைசியில் எதைக் காட்டுவீர்கள்? "வாரம் இரண்டு வகுப்பிலாவது மாணவர்கள் தங்கள் விடைக்கான காரணத்தை எழுத்தில் சொல்வார்கள், மாதம் ஒரு முறை அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்து அடுத்த பாடத்தை மாற்றுவேன்" என்று எழுதினால், தாள்களே சாட்சி. வருடக் கடைசிக் கூட்டத்துக்கு இந்தக் கோப்போடு போகிறவர் நிம்மதியாகப் போவார்.

படி 3: ப்ரீ கான்ஃபரன்ஸ்

முன்கூட்டியே தேதி சொல்லி நடத்தும் அப்சர்வேஷன் என்றால், அதற்குமுன் அப்ரைசர் (மதிப்பிடுபவர்) உங்களோடு உட்கார்ந்து பேசவேண்டும். பெரும்பாலும் பிரின்சிபால் அல்லது அசிஸ்டன்ட் பிரின்சிபால்தான் அப்ரைசர். அதற்கான பயிற்சி எடுத்துத் தேர்ச்சி பெற்றவராக அவர் இருக்கவேண்டும் என்பதும் விதி.

திட்டமிடல் பிரிவின் நான்கு கூறுகளையும் நிரூபிக்க உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இது. பாடத்திட்டத் தாளை மட்டும் நீட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். "போன வாரச் சின்ன டெஸ்டில் இந்த ஆறு பேர் இந்தக் கேள்வியில் தப்பு செய்தார்கள், அதனால்தான் நாளைக்கு இந்தச் செயலை முதலில் வைத்திருக்கிறேன், இங்கிலீஷ் இப்போதுதான் கற்றுக்கொள்ளும் இரண்டு பேருக்கு இந்த வாக்கியச் சட்டகம் (பாதி எழுதிய, அவர்கள் நிரப்பவேண்டிய வாக்கியம்) வைத்திருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் வேலையைச் செய்துவிட்டுச் சொல்லாமல் இருந்து பழகியவர்கள். இங்கே சொல்வதும் வேலையில் சேர்த்தி. அப்ரைசர் தாமாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், கண்ணில் படாதது இல்லாததாகிவிடும்.

படி 4: அந்த 45 நிமிடம்

முறையான அப்சர்வேஷன் குறைந்தது 45 நிமிடம். நீங்களும் எழுத்தில் சம்மதித்தால் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தும் பார்க்கலாம். கூட்டினால் 45 நிமிடம் வரவேண்டும். விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய கடைசி நாளில் வைக்கக்கூடாது. இதைத் தவிர ஐந்து பத்து நிமிட வாக்-த்ரூக்கள் (சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவது) வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

அப்ரைசர் வந்து பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறப்பார். அடுத்த 45 நிமிடமும் தட்டிக்கொண்டே இருப்பார். மனதில் தோன்றும் அபிப்பிராயத்தையா எழுதுகிறார்? இல்லை. நீங்கள் சொன்னது, பிள்ளைகள் சொன்னது, மணி எத்தனை, இவற்றை அப்படியே எழுதுவார். ஸ்கிரிப்டிங் என்று பெயர்.

என் முதல் வருட அப்சர்வேஷன் 8ஆம் வகுப்புக் கணக்கு. விகிதசம உறவையும் விகிதசமம் அல்லாததையும் பிரித்தறியும் பாடம். வகுப்பு அமைதியாக இருந்தது, பாடம் நேரத்துக்கு முடிந்தது, நன்றாகத்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிறகு கைக்கு வந்த ஸ்கிரிப்டில் ஓரிடம் இப்படி இருந்தது:

"9.42 ஆசிரியர்: 'இந்த அட்டவணையில் மாறிலி எது?' நான்கு கைகள் உயர்ந்தன. 9.42 ஆசிரியர் விடை சொல்கிறார். 9.43 ஆசிரியர்: 'புரிந்ததா?' சில மாணவர்கள்: 'யெஸ்.'"

கேள்விக்கும் விடைக்கும் ஒரே நிமிடம் பதிவாகியிருந்தது. நான்கு பிள்ளைகள் கை தூக்கியிருந்தும் ஒருவரையும் பேசவிடவில்லை. பிள்ளைகள் பேசியதாக அந்தப் பக்கம் முழுக்க இருந்தது ஒரே ஒரு 'யெஸ்'. அந்தத் தாளை இன்னும் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பாடம் எனக்குத் தெரியும் என்பதை அன்று நன்றாகவே காட்டியிருந்தேன். பிள்ளைகளுக்குத் தெரிந்ததா என்பதற்கு ஒரு வரிகூட ஆதாரமில்லை.

அடுத்த முறை அதே கருத்துக்கு இரண்டு அட்டவணை கொடுத்தேன். ஒன்றில் மைலுக்கு 2 டாலர். இன்னொன்றில் ஏறியவுடன் 3 டாலர், அப்புறம் மைலுக்கு 2 டாலர். "இதில் எது விகிதசமம்? பக்கத்தில் இருப்பவர் ஒத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்" என்றேன், அவ்வளவுதான். வாயே திறக்காத ஒரு பையன் பக்கத்துப் பெண்ணிடம், "ஓடாமலே 3 டாலர் கேட்கிறது, அப்போ பூஜ்ஜியத்தில் தொடங்கவில்லையே" என்றான். அவள், "ஆனால் இரண்டிலுமே 2, 2ஆகத்தானே கூடுகிறது?" என்று மடக்கினாள். இரண்டு வரியும் ஸ்கிரிப்டில் ஏறின. அன்று நான் பேசியது மிகக் குறைவு.

ரூப்ரிக்கின் தகவல்தொடர்புக் கூறிலும் இதே வித்தியாசம்தான் இருக்கிறது. நினைவுகூரல், புரிதல், பயன்படுத்தல் அளவுக் கேள்விகள் கேட்டு விவாதத்தைத் தூண்டினால் ப்ரொஃபிஷியன்ட். அலசவும் எடைபோடவும் புதிதாக ஆக்கவும் வைக்கும் கேள்விகளுக்கு அதற்கும் மேலே இடம். ஆகவே அப்சர்வேஷனுக்கு முந்தைய நாள் இரவு ஸ்லைடுக்கு நிறம் பார்க்காமல், மூன்று நல்ல கேள்விகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த மௌனம் தாங்கமுடியாததாக இருக்கும், பரவாயில்லை, தாங்குங்கள்.

படி 5: போஸ்ட் கான்ஃபரன்ஸ்

அப்ரைசர் உங்களோடு மறுபடி உட்கார்ந்து பேசும் இந்தக் கூட்டம், அப்சர்வேஷன் முடிந்து 10 வேலை நாட்களுக்குள் நடக்கவேண்டும். ஒவ்வொரு கூறுக்கும் கொடுத்த தரநிலை எழுத்தில் இருக்கும். நன்றாக வருவது ஒன்று, சரிசெய்யவேண்டியது ஒன்று என்று பேசுவார்கள். தரநிலை குறைவாக இருந்தால் "ஏன்?" என்று கேட்காதீர்கள், சண்டை மாதிரி ஒலிக்கும். "ஸ்கிரிப்டில் எந்த வரியை வைத்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல அப்ரைசர் சந்தோஷமாகக் காட்டுவார்.

படி 6: ஒத்துக்கொள்ள முடியாவிட்டால்

இதைப் பெரும்பாலான புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. எழுத்து அறிக்கை கைக்கு வந்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் நீங்கள் எழுத்தில் மறுமொழி கொடுக்கலாம். வேறொரு அப்ரைசர் வந்து பார்க்கட்டும் என்று இரண்டாம் மதிப்பீடும் கேட்கலாம், அதற்கும் அதே 10 வேலை நாள்தான் கெடு. கெடு தாண்டினால் அந்த வழி மூடிவிடும். அதனால் அறிக்கை வந்த அன்றே நாட்காட்டியில் பத்தாவது வேலை நாளைச் சுழித்து வையுங்கள்.

இன்னொன்று: வகுப்புக்கு வெளியே நடந்த ஏதாவது உங்கள் மதிப்பீட்டைப் பாதிக்கப் போகிறதென்றால், அது அப்ரைசருக்குத் தெரியவந்த 10 வேலை நாட்களுக்குள் எழுத்தில் உங்களுக்குத் தரவேண்டும். அக்டோபரில் நடந்ததை மே மாதம் திடீரென்று எடுத்துப் போட முடியாது.

அறிக்கையில் கையெழுத்துப் போடுவதை நினைத்தும் குழம்பவேண்டாம். பல டிஸ்ட்ரிக்டுகளில் "பெற்றுக்கொண்டேன்" என்பதற்குத்தான் கையெழுத்து. எதற்கும் மேலே இருக்கும் வாசகத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். மறுமொழி எழுதுவதென்றால் கோபம் ஆறிய பிறகு, தேதி, நேரம், ஸ்கிரிப்ட் வரி, மாணவர் தாள் இவற்றை மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்திருந்தால் அனுப்பும் முன் அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள்.

படி 7: மாணவர் வளர்ச்சி

மதிப்பீட்டில் உங்கள் மாணவர்களின் முன்னேற்றமும் சேர்கிறது. அதை அளக்க நான்கு வழிகள் உண்டு: கற்றல் இலக்குகள், மாணவர் படைப்புத் தொகுப்பு, முன்தேர்வு-பின்தேர்வு, மாநிலத் தேர்வை வைத்துக் கணக்கிடும் மதிப்புக்கூட்டு முறை (மாணவர் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாக வளர்ந்தார் என்ற கணக்கு). எதை எடுப்பது என்பதை டிஸ்ட்ரிக்ட் முடிவு செய்யும்.

கடைசியாகச் சொன்னது டெக்சாஸில் பெரிய சர்ச்சையானது. ஹூஸ்டனில் ஆசிரியர்கள் போட்ட வழக்கில் 2017 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், தன் மதிப்பெண் எப்படி வந்தது என்று ஆசிரியரால் சரிபார்க்கவே முடியாத ரகசியக் கணக்கை எதிர்த்து ஆசிரியர்கள் வழக்கைத் தொடரலாம் என்றார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒருவர் பிழைப்பைத் தொடும் எண்ணை அவர் போட்டுப் பார்க்க முடியவேண்டும். ஆகவே உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த வழியை எடுத்திருந்தாலும், வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருந்தது என்பதை நீங்களே ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள்.

படி 8: வருடக் கடைசிக் கூட்டமும் கான்ட்ராக்டும்

கடைசி வகுப்பு நாளுக்குக் குறைந்தது 15 வேலை நாட்கள் முன்பாக இந்தக் கூட்டம் முடிந்துவிடவேண்டும். நான்காம் பிரிவான தொழில்முறைப் பொறுப்புகளை இங்கேதான் முடிவு செய்வார்கள். பெற்றோருடன் பேசிய பதிவு, எடுத்த பயிற்சி, இலக்குக் கோப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

முதல் வருடத்தில் உங்களுடையது ப்ரொபேஷனரி (தகுதிகாண்) கான்ட்ராக்ட். வருட முடிவில் அதை நீட்டிக்காமல் விட்டுவிடப் பள்ளி போர்டுக்கு நிறைய அதிகாரம் இருக்கிறது. கடைசி வகுப்பு நாளுக்கு 10 நாள் முன்பே அறிவிக்கவேண்டும் என்பதுதான் முக்கியமான கட்டுப்பாடு. அதன்பின் வரும் டெர்ம் (குறிப்பிட்ட காலத்துக்கான) கான்ட்ராக்டுக்கு மாறிய பிறகு நிலைமை வேறு. புதுப்பிக்க மாட்டோம் என்று நோட்டீஸ் வந்தால் 15 நாட்களுக்குள் விசாரணை கேட்கலாம். போர்டும் உங்கள் சமீபத்திய மதிப்பீடுகளைக் கணக்கில் எடுத்தாகவேண்டும். அன்றைக்கு உங்களுக்காகப் பேசப்போவது இந்த அறிக்கைகள்தான்.

16இல் குறைந்தது 9 கூறுகளில் ப்ரொஃபிஷியன்டோ அதற்கு மேலோ வாங்கி, குறைபாடு எதுவும் குறிக்கப்படாவிட்டால், உங்கள் எழுத்துச் சம்மதத்தோடு முழு மதிப்பீட்டை வருடாவருடம் செய்யாமல் தள்ளிவைக்க டிஸ்ட்ரிக்டுக்கு அனுமதி உண்டு. ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது செய்யவேண்டும். தோழிக்கு இந்த மே மாதம் 11 கூறுகளில் ப்ரொஃபிஷியன்ட் வந்தது, தள்ளிவைக்கும் படிவத்தையும் நீட்டினார்கள். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே என்றேன். யாராவது பின்னால் உட்கார்ந்து நம் வகுப்பை 45 நிமிடம் வரிக்கு வரி எழுதிக் கொடுப்பது வேறு எங்கே கிடைக்கும்? இன்னும் இரண்டு வருடம் அந்தத் தாள் அவளுக்கு வரட்டும்.